பெயின்ட் எதைத் தடுக்கிறது?

விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் ஒரே நாளில் இரண்டு இரும்பு கேட்டுகள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரும்பும் ஒன்று, வெல்டரும் ஒருவர், பெயின்ட் டப்பாவும் ஒன்று. முதல் கேட் விழுப்புரத்திலேயே ஒரு வீட்டு வாசலுக்குப் போகிறது. இரண்டாவது கேட் வேனில் ஏறி, திண்டிவனத்தில் கிழக்கே திரும்பி, இன்னும் 35 கிலோமீட்டர் ஓடி, மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோர வீடு ஒன்றில் மாட்டப்படுகிறது. விழுப்புரத்து கேட்டில் பல பொங்கலுக்குப் பிறகும் நிறம் மங்கியிருக்குமே தவிர இரும்பு திடமாக இருக்கும். மரக்காணத்து கேட்டிலோ ஓரிரு மழைக்காலத்துக்குள் வெல்டிங் தடங்களில் பழுப்பு வடியும். கீழ்ச்சட்டத்தில் பெயின்ட் கொப்புளித்து நிற்கும். கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே கறுப்பும் பழுப்புமாய்ச் சேறு.

ஊரில் யாரைக் கேட்டாலும் “உப்புக்காத்து” என்பார்கள். சரியான விடைதான், ஆனால் பாதி விடை. துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த பொருள். அதில் உப்புக்கு இடமே இல்லை. அப்படியானால் உப்பு அங்கே என்ன செய்கிறது? அதோடு, காற்றுக்கும் இரும்புக்கும் நடுவில்தான் பெயின்ட் இருக்கிறதே. விழுப்புரத்தில் காத்த அதே பூச்சு மரக்காணத்தில் ஏன் கைவிட்டது?

கப்பலுக்கும், கடல் நடுவே நிற்கும் எரிவாயு மேடைக்கும், பாம்பன் பாலத்துக்கும் பூச்சு வடிவமைப்பவர்கள் மல்லுக்கட்டுவதும் இதே கேள்வியோடுதான்.

முதலில் உப்பு எப்படி கேட் வரை வருகிறது என்பதைப் பார்ப்போம். மரக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளங்கள் இருப்பதால் பழியை அவற்றின் மேல் போடுவது வழக்கம். ஆனால் பாத்தியில் அசையாமல் காயும் உப்புநீர் காற்றில் ஏறுவது குறைவு. பெரும்பங்கு வேலையைச் செய்வது அலை. அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் உண்டாகின்றன. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது நுண்ணிய உப்புநீர்த் துளிகளை மேலே எறிகிறது. பெரிய துளிகள் கரையோரத்திலேயே விழுந்துவிடும். சிறியவை காற்றோடு உள்ளே போகும். ஆகவே கடலைவிட்டு விலக விலக உப்பின் அளவு சட்டென்று சரிகிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கியூர் கடற்கரையில் பல பத்தாண்டுகளாக இரும்புத் தகடுகளை வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். அலையிலிருந்து சுமார் 25 மீட்டரில் வைத்த தகடு, 250 மீட்டரில் வைத்ததைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக அரிக்கப்பட்டது. மரக்காணத்திலேயே கடலோரக் குப்பத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் வித்தியாசம் இருக்கும் என்றால், கடலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விழுப்புரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

காற்றில் உள்ள உப்பை எப்படி அளப்பது? பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு குழாயின் மேல் துணியைச் சுற்றி, துணியின் நுனிகளைக் குடுவைத் தண்ணீரில் விட்டு, மழை படாத இடத்தில் வெளியே வைத்துவிடுவார்கள். தண்ணீர் துணியில் ஏறி எப்போதும் ஈரமாக இருக்கும். காற்றில் வரும் உப்புத்துகள் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். சில வாரங்கள் கழித்துத் துணியை அலசி, அந்த நீரில் எவ்வளவு குளோரைடு என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். ஈரத்திரி முறை என்று இதைச் சொல்லலாம். அரிமானத்தை அளப்பதும் இதேபோல எளியதுதான். எடைபோட்ட இரும்புத் தகட்டை ஓராண்டு திறந்தவெளியில் மாட்டிவைத்து, பிறகு துருவை மட்டும் கரைத்து இரும்பைத் தொடாத அமிலக் கரைசலில் கழுவி, மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் காற்று தின்ற இரும்பு.

இந்த வேலைக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாடெங்கும் தகடுகளை மாட்டி, எடை பார்த்து, இந்தியாவின் அரிமான வரைபடத்தைத் தயாரித்தது இந்த நிலையம். ராமேசுவரம் தீவுக்கு எதிரே மண்டபத்தில் இதற்கு ஒரு சோதனைக்கூடம் உண்டு. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெளிப்படை: இரும்பு சீக்கிரம் கெட்டுப்போகும் இடத்தில்தான் சோதனை முடிவும் சீக்கிரம் கிடைக்கும்.

சரி, உப்பு வந்து கேட்டில் உட்கார்ந்துவிட்டது. அது செய்யும் முதல் காரியம், மழையில்லாத நாளிலும் இரும்பை நனைப்பது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானும் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அந்த அளவு ஈரப்பதம்கூடத் தேவையில்லை; அதில் பாதி போதும். கார்த்திகை மாதத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு ஏது? கடலோரத்து இரவுகளில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது அன்றாடக் கதை. மரக்காணத்து கேட் மழைக்காலத்தில் மட்டுமல்ல, ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் படலத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

உப்பின் இரண்டாவது காரியத்தைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவன்ஸ் 1920-களில் ஒரே ஒரு சொட்டு நீரில் காட்டினார். பள்ளி ஆய்வகத்திலும் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. உப்புநீரில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்துகொள்ள வேண்டும். ஒன்று இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும். இன்னொன்று காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் இந்த நீரில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாய் நீலப்புள்ளிகளும் சிவப்புத் திட்டுகளும் தோன்றும். கொஞ்ச நேரத்தில் அவை இடம் பிரிந்துகொள்ளும். சொட்டின் நடுப்பகுதி நீலமாகும், விளிம்பு சிவப்பு வளையமாகும், இரண்டுக்கும் நடுவே பழுப்பாகத் துரு படியத் தொடங்கும்.

இந்த வண்ணக் கோலம் சொல்லும் செய்தி வியப்பானது. இரும்பு கரையும் இடம் வேறு, துரு படியும் இடம் வேறு. சொட்டின் விளிம்பு மெல்லியது. அங்கே காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாக வந்து சேரும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை. நடுவில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை உதறிவிட்டு நீரில் அயனிகளாக இறங்குகின்றன. உதறிய எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே விளிம்புக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. பாடநூல் மொழியில் நடுப்பகுதி நேர்மின்வாய், விளிம்பு எதிர்மின்வாய். ஆக, துருப்பிடித்தல் என்பது ஒரு மின்னோட்டம். டார்ச் லைட் பேட்டரிக்குள் துத்தநாகம் கரைந்து மின்சாரம் வருகிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த வினைதான் இது.

மின்னோட்டம் என்றால் சுற்று முழுமையடைய வேண்டும். உலோகத்தின் வழியே எலெக்ட்ரான் போனால், அதற்கு ஈடாக நீரின் வழியே அயனிகள் நகர வேண்டும். மழைநீரில் அயனிகள் மிகக் குறைவு, சுற்று நொண்டும். உப்புநீரில் சோடியமும் குளோரைடும் நிறைந்திருப்பதால் சுற்று தங்குதடையின்றி ஓடும். போதாததற்கு, இரும்பின் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் குளோரைடு குத்திக் கிழிக்கிறது. உப்பு இரும்பைத் தின்பதில்லை. தின்பதற்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மின்சுற்று என்ற பேச்சே இல்லாத காலத்தில் இங்கிலாந்துக் கடற்படை இதைக் கண்முன்னே பார்த்தும் புரிந்துகொள்ளாமல் திண்டாடியது. அன்றைய கப்பல்கள் மரத்தாலானவை. மரக்கலத்துக்குத் துருவைப் பற்றிக் கவலையில்லை. அதன் எதிரி கப்பல் புழு. மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசுவது நம் பக்கத்து வைத்தியம். ஆங்கிலேயர்கள் 1761-இல் அலாரம் என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் போர்த்திப் பார்த்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த கப்பலை 1763-இல் ஆராய்ந்தபோது செம்பு நன்றாகவே இருந்தது, புழுவும் நெருங்கவில்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கூழாகிப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புத்தம்புதிதாக இருந்தன. ஏனென்று பார்த்தால், செப்புத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் உரிக்கப்படாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது!

கடல்நீரில் ஊறிய காகிதம் தண்ணீரைத் தடுத்திருக்கவே முடியாது. இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொடவிடாமல் செய்தது, அவ்வளவே. அந்த அளவுக்கே ஆணி பிழைத்துக்கொண்டது. பூச்சுகளின் வரலாற்றில் இந்தக் காகிதத்துக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இனி பெயின்ட்டுக்கு வரலாம். பெயின்ட் ஒரு மழைக்கோட்டு, தண்ணீரையும் காற்றையும் இரும்பிடம் அண்டவிடாது என்பதுதான் பொதுவான நம்பிக்கை. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் ஜே.இ.ஓ. மேய்ன் என்ற விஞ்ஞானி அதைக் கணக்குப்போட்டுப் பார்த்தார். பூசாத இரும்பு ஓராண்டில் துருப்பிடிக்க எவ்வளவு நீரும் ஆக்சிஜனும் வேண்டும்? ஒரு பெயின்ட் படலத்தின் வழியே ஓராண்டில் எவ்வளவு உள்ளே போகிறது? சாதாரணப் படலங்களின் வழியே போகும் நீர், துருப்பிடிக்கத் தேவையானதைவிட அதிகமாகவே இருந்தது. பல படலங்களில் ஆக்சிஜனின் கதையும் ஏறத்தாழ அதுவே. அதாவது, பெயின்ட் அடித்த கேட்டின் இரும்பு உலர்ந்து கிடப்பதில்லை. பூச்சுக்குக் கீழே நீர் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. ஆனாலும் துரு இல்லை. காரணம், பெயின்ட் படலம் அயனிகளைத் தன் வழியே நகரவிடுவதில்லை. நல்ல பூச்சு உயர்ந்த மின்தடை கொண்டது. நேர்மின்வாய்க்கும் எதிர்மின்வாய்க்கும் நடுவில் சுற்று அறுந்துபோகிறது.

கொசுவலையைப் போல என்று சொல்லலாம். வலைக்குள் காற்று தாராளமாக வரும், கொசு வராது. கொசுவலையை நன்றாக இருக்கிறதென்று எப்போது சொல்வோம்? காற்றைத் தடுக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கிழிசல் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். கடல்சார் பூச்சுத் தொழிலும் அதைத்தான் செய்கிறது. பூசி முடித்த எஃகின் மேல், சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தரும் ஒரு பித்தளைத் தூரிகையைத் தடவிக்கொண்டு போவார் ஆய்வாளர். படலம் முழுமையாக இருக்கும் இடத்தில் ஒன்றும் நடக்காது. ஊசித் துளை இருக்கும் இடத்தில் சடக்கென்று நீலப்பொறி பறக்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு மேலே நகர்வார்.

கொசுவலைக்கு இன்னொரு பாடமும் உண்டு. வலையைச் செருகுவதற்கு முன்பே கொசு உள்ளே புகுந்துவிட்டால் எவ்வளவு நல்ல வலையும் பயனில்லை. மரக்காணத்து கேட்டுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். மாட்டிய பிறகு ஒருமுறை பெயின்ட் உரிந்திருக்கும். உப்புக்காற்றில் நின்ற அந்த இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, மேலே மறுபடி பூசியிருப்பார்கள். துருவின் குழிகளுக்குள் உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். பெயின்ட் படலம் நீரை உள்ளே விடும் என்று பார்த்தோம். வெளியே பனிநீர், உள்ளே உப்பு. உள்ளே இருக்கும் உப்பைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்ய நீர் படலத்தைக் கடந்து வந்துகொண்டே இருக்கும். இதுவே சவ்வூடு பரவல். உள்ளே நீர் சேரச் சேர அழுத்தம் கூடி, பெயின்ட் கொப்புளமாகக் கிளம்புகிறது. கொப்புளத்துக்குள் உப்புநீர், அதற்கடியில் இரும்பு. எவன்ஸின் சொட்டு மூடி போட்ட குடுவைக்குள் வேலை செய்வதாக நினைத்துக்கொள்ளலாம்.

கப்பல் கட்டும் தளங்களில் இதற்காகப் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் எஃகின் மேல் அதிவேகக் காற்றோடு உலோகத்துகளையோ கனிமத்துகளையோ பீய்ச்சி அடித்து, பழைய துரு முழுவதையும் எடுத்து, சாம்பல் வெள்ளையாக்குவார்கள். மேற்பரப்பில் சில பத்து மைக்ரான் ஆழத்துக்குச் சொரசொரப்பு ஏற்பட வேண்டும். பூச்சு பிடித்துக்கொள்ள அதுதான் ஆதாரம். பிறகு உப்புச் சோதனை. முகம் பார்க்கும் பொட்டுக் கண்ணாடி அளவில் ஒரு ஒட்டுப் பட்டையை எஃகின் மேல் ஒட்டி, உள்ளே ஊசியால் தூய நீரைச் செலுத்தி, உறிஞ்சி, மறுபடி செலுத்தி, அங்கிருக்கும் உப்பைக் கரைத்தெடுப்பார்கள். அந்த நீரின் மின்கடத்து திறனை அளந்தால் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு உப்பு என்று தெரிந்துவிடும். கப்பலின் கடல்நீர்த் தொட்டிகளுக்குப் பூச்சு அடிக்குமுன் இது சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-இல் வகுத்த விதி. ஒரு கிராம் உப்பை 20 சதுர மீட்டருக்குப் பரப்பினால் வரும் அளவு அது. இரண்டு விரலால் கிள்ளியெடுத்த உப்பு, ஒரு பெரிய அறையின் தரை முழுக்க!

அடுத்தது பனி. எஃகின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால்தான் பூசலாம் என்பது தளத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்கும் கடலோரத்துப் பெயின்டர், தெரியாமலே ஈர இரும்பின் மேல் பூசுகிறார்.

இவ்வளவுக்கும் பிறகு அடிப்பதும் ஒரே பெயின்ட் இல்லை. அடியில் துத்தநாகத் தூள் நிறைந்த பூச்சு, நடுவே எபாக்சி, மேலே பாலியூரித்தேனோ பாலிசிலாக்சேனோ. மூன்றும் சேர்ந்து சுமார் 300 மைக்ரான். மூன்று வெள்ளைத்தாள் கனம். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு.

துத்தநாகத்தின் கதை வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியிலிருந்து தொடங்குகிறது. 1820-களில் இங்கிலாந்துக் கடற்படை, கப்பலின் செப்புத் தகடு கரைவதைத் தடுக்க வழி கேட்டு அவரிடம் போனது. செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ ஒரு துண்டு இணைத்துவிட்டால், அந்தத் துண்டு கரைந்து செம்பு தப்பித்துக்கொள்ளும் என்று டேவி காட்டினார். பலியாக ஒரு உலோகம்! சோதனை முழு வெற்றி, கப்பலுக்குத்தான் தோல்வி. செம்பு கரையாமல் நின்றதும் அதன் மேல் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான கொட்டலசு, பாறையிலும் படகிலும் சிமென்ட் போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும் உயிர். அதுவரை அதை அண்டவிடாமல் வைத்திருந்தது, மெல்லக் கரைந்துகொண்டிருந்த செம்பின் நஞ்சு. கப்பலின் வேகம் விழுந்தது. சில ஆண்டுகளில் கடற்படை டேவியின் வழியைக் கைவிட்டது. ஆனால் பலி உலோகம் என்ற கருத்து நிலைத்தது. துத்தநாகத் தூள் பூச்சில், உலர்ந்த படலத்தின் எடையில் பெரும்பகுதி துத்தநாகமே. தூள்கள் ஒன்றையொன்றும் எஃகையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கீறல் விழுந்தால் துத்தநாகம் கரைந்து எஃகைக் காக்கும். விக்டர் நைட்டிங்கால் உருவாக்கிய துத்தநாக சிலிகேட் பூச்சை 1940-களில் தென் ஆஸ்திரேலியாவின் மோர்கன்–வையாலா குடிநீர்க் குழாயின் வெளிப்புறத்தில் பூசினார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அது எஃகைக் காத்தது.

நடுவே இருக்கும் எபாக்சிதான் வலை. இரண்டு டப்பாக்களில் வரும். கலந்த பிறகு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். கலந்ததைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்து முடித்தாக வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் அந்த நேரம் இன்னும் குறுகிவிடும். டப்பாவிலேயே கல்லாகிப் போன எபாக்சியைப் பார்க்காத மேஸ்திரி இருக்கமாட்டார். எபாக்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் மேற்பரப்பு வெளுத்து மாவாக உதிரும். அதனால்தான் மேலே இன்னொரு பூச்சு. பாலிசிலாக்சேனின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறி வரும் சங்கிலி. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பிணைப்பு. புறஊதாக் கதிரால் அதை எளிதில் வெட்ட முடியாது.

பாம்பனில் இது இப்போது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1964 டிசம்பர் புயலில் உடைந்து, சீர்செய்யப்பட்டு, மறுபடி இயங்கியது. கடைசியில் அதன் தூக்குப் பகுதியின் எஃகு அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. புயலால் முடியாததைத் துரு செய்தது. மயாமிக்கு அடுத்தபடியாக உலகிலேயே இரும்பை அதிகம் அரிக்கும் இடம் பாம்பன் என்று செய்திகளில் அடிக்கடி வரும். அந்தத் தரவரிசை எப்படியிருந்தாலும், நூறாண்டுக்கும் மேலாக அங்கே இரும்பைக் காப்பாற்றியது ஓயாத பராமரிப்புதான் என்பதில் ஐயமில்லை. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதிக்கும் மற்ற எஃகுத் தூலங்களுக்கும் பாலிசிலாக்சேன் மேற்பூச்சு. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. போல்ட்டு இடுக்குகளில்தான் உப்பும் ஈரமும் தங்கும் என்பதால் இணைப்புகளை வெல்டிங் செய்திருக்கிறார்கள்.

பாலத்துக்கு ஒரு வசதி, ஏறிப் பார்த்து மறுபடி பூசலாம். கப்பலை உலர் தளத்தில் ஏற்றலாம். காவிரிப் படுகையின் கடற்பகுதியில் நிற்கும் பி.ஒய்-1 எரிவாயு மேடை போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. நட்ட இடத்திலேயே ஆயுள் முழுக்க நின்றாக வேண்டும். அவற்றின் கால்களில் எந்த இடம் முதலில் போகும் என்று கேட்டால், ஆழத்தில் இருப்பது என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அலை தெறிக்கும் பட்டைதான் மோசமான இடம். அங்கே எஃகு நனைகிறது, உலர்கிறது, மறுபடி நனைகிறது, உப்பு அடர்ந்துகொண்டே போகிறது, ஆக்சிஜனுக்கும் பஞ்சமில்லை. முழுகியிருக்கும் பகுதியில் பெரிய அலுமினியக் கட்டிகளைப் பலி உலோகமாகப் பற்றவைத்துவிடலாம். தெறிபட்டையில் அது செல்லாது. தொடர்ச்சியான கடல்நீர் இல்லாததால் சுற்று முழுமையடையாது. அங்கே கனத்த பூச்சு ஒன்றே கதி.

கொட்டலசுக்கு எதிரான போர் தனிக்கதை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிரைபியூட்டைல் தகரம் கலந்த பூச்சுகள் கப்பல் அடிப்பாகத்தைப் பல ஆண்டுகள் சுத்தமாக வைத்திருந்தன. பிறகு பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்தது. இங்கிலாந்துக் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்புகள் வளர்ந்தன. காரணம் இந்தப் பூச்சிலிருந்து கசிந்த தகரச் சேர்மம். கடல்நீரில் மிகமிகச் சொற்ப அளவே போதுமானதாக இருந்தது. 2001-இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்து அதைத் தடைசெய்தது. இப்போது செம்புச் சேர்மங்களும், எதுவும் ஒட்டாத வழவழப்பான சிலிக்கோன் பூச்சுகளும் பழக்கத்தில் உள்ளன. மரக்காணத்துக் குப்பங்களில் இந்தத் தொல்லை குறைவு. பைபர் படகு கரைக்கு வந்ததும் மணலில் இழுத்துப்போட்டுவிடுகிறார்கள். வெயிலில் காயும் அடிப்பாகத்தில் கொட்டலசு குடியேறுவதற்கு நேரமில்லை.

வாசல் கேட்டுக்கு யாரும் பாலிசிலாக்சேன் அடிக்கப்போவதில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைப்பது ரெட் ஆக்சைடும் எனாமலும். ரெட் ஆக்சைடு பற்றி ஒரு செய்தி: அந்தச் செம்பழுப்பு நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு, துருவின் நெருங்கிய உறவு. ஈயம் கலந்த பழைய ரெட் லெட் நச்சுப் பொருள்தான், ஆனால் இரும்பின் மேல் காப்புப் படலத்தை உண்டாக்கும் சக்தி அதற்கு இருந்தது. அதன் இடத்துக்கு வந்த ரெட் ஆக்சைடுக்கு அந்தச் சக்தி இல்லை, வெறும் தடுப்புதான். விழுப்புரத்தில் அது போதும். கடலோரத்தில் ஜிங்க் பாஸ்பேட்டோ எபாக்சியோ கலந்த ப்ரைமருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது. வெல்டிங் தடம், ஓரம், போல்ட்டுத் தலை ஆகியவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுக்க வேண்டும். ஈரப் பெயின்ட் இறுகும்போது கூர்விளிம்பிலிருந்து விலகி மெலிந்துபோகும் என்பதால் கப்பல் தளத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதிகச் செலவில்லாதது, அநேகமாக எல்லோரும் விட்டுவிடுவது. துருவைச் சுரண்டிய பிறகு கேட்டைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, காயவைத்து, அன்றைக்கே ப்ரைமர் அடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரையும் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்ப்பது நல்லது. கடலோரத்துப் போர்வெல்களில் பல உவர்த்துப்போனவை. அந்த நீரில் கழுவினால் எடுத்த உப்பைத் திரும்ப வைத்ததாகிவிடும். கேட்டின் அளவுக்கு இரண்டு கேன் குடிதண்ணீர் போதும்.